முள்

ஏழு நாற்பதுக்குக் கரண்டு போனது.
மூச்சு மெஷின் மூன்று முறை கூவிவிட்டு நின்றது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூலைச் சிலிண்டரின் கழுத்தைத் திருகினேன்.
முள் துள்ளி
அறுபதில் போய் நின்றது.

பத்து லிட்டர் பிடிக்கிற இரும்பு.
அதற்குள் அறுபது மடங்கு நெருக்கி அடைத்தது,
ஆக அறுநூறு லிட்டர்.
அடியில் பத்தை விட்டுவிடுங்கள் என்று
மார்த்தாண்டத்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.
மீதி ஐந்நூறு.
நிமிடத்துக்கு இரண்டு போகிறது இவர் மூக்கில்.
காலண்டர் தாளைக் கிழித்து,
அன்றைக்கான வசனத்தின் முதுகில்
இருநூற்றைம்பது நிமிடம் என்று எழுதினேன்.
பதினொன்று ஐம்பது.
அடியில் இரண்டு கோடு.

லைன்மேன் பிரிஜின் போனில் கத்தினான்:
"திருநந்திக்கரைல ரப்பர் மரம் லைனுக்க மேல கெடக்கு,
பதினொண்ணு ஆவும் அக்கா."
இந்த 'ஆவும்' என்பதைக்
கூட்டுவதா கழிப்பதா என்று தெரியவில்லை.
மழை ஓட்டில் அடிக்கிறது.
ஆற்றூர்ப் பக்கம் ரோட்டில் தண்ணீராம்,
புதுச் சிலிண்டர் ஏறி வராது.

"கொறச்சு வையி," என்றார்.
முள்ளையே பார்த்துக் கிடந்தார்.
குறைக்கவில்லை.
சிலிண்டரைக் கட்டிப்பிடித்து
டயலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அடுக்களையிலும் ஒன்று நிற்கிறது, சிவப்பு.
அதற்கு முள் கிடையாது.
மாட்டினாலும் உதவாது.
உள்ளே கிடப்பது தண்ணீர் மாதிரி ஒன்று,
அதன் தலைக்கு மேல் கொஞ்சம் ஆவி.
எடுக்க எடுக்க அடியிலிருந்து எழும்பிக்கொண்டே இருக்கும்.
நிறைந்திருந்தாலும் ஒரு கை அளவே கிடந்தாலும்
அதே அழுத்தம், அதே நீலம்,
கடைசிச் சொட்டு வரைக்கும்.
பிறகு, பாதி வெந்த மரச்சீனியோடு
பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியதுதான்.

அதை அறிய ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.
ஆவி இருக்கும் இடம் முதலில் காயும்,
திரவம் நிற்கும் மட்டத்தில் ஈரம் தங்கும்.
இல்லையா, தராசில் ஏற்று,
இரும்பின் எடையைக் கழி.
அதைத் தன் கழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறது பாவம்.

இவர் அந்தச் சிவப்பு வகை.
புகைப்புரையில் இருபத்தாறு வருஷம்.
ரப்பர் ஷீட்டு பொன்னிறமாகும் வரை
இவரும் உள்ளே நின்றார்.
கேட்டால்,
"ஒண்ணுமில்ல, சளியாக்கும்."
காலையும் ராத்திரியும் அதே அழுத்தத்தில்.
குலசேகரம் சந்தைக்குப் போகிற வழியில்
நாலு இடத்தில் நின்று நாலு பேரிடம் பேசுவார்.
ஊரோடு என்ன சிநேகம் என்று
எரிச்சல்பட்டிருக்கிறேன்.
மூச்சு வாங்கியிருக்கிறார்.
நான் ஈரத் துணி எடுக்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
விறகைத் தள்ளக் குனிந்தவர்
குனிந்தபடியே இருந்தார்.

எட்டரை. டார்ச்சோடு சுவருக்கும் டயலுக்கும் நடுவில்
தலையை நுழைத்தேன். ஐம்பது.
ஒன்பது இருபது. நாற்பது.
கணக்கு பிசகாமல் இறங்குகிறது,
இதுவாவது உண்மை சொல்கிறது.
ஒரு கட்டன் சாயா குடித்தால் கொள்ளாம்,
ஆனால் இது திறந்திருக்கும்போது
வீட்டில் தீக்குச்சி உரசக் கூடாது.
பத்து பத்துக்கு முப்பது.

"எவ்வளவு கெடக்கு?"
தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.
"நெறைய கெடக்கு," என்றேன்.
என் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.
இவ்வளவு நன்றாக எனக்கு வரும் என்று
எனக்கே தெரியாது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
என் கையைப் பிடித்து
எடை பார்ப்பதுபோல் லேசாகத் தூக்கி
விட்டுவிட்டார்.

பதினொன்று இருபதுக்கு
முதலில் ஃபிரிட்ஜ் உறுமியது,
பிறகு பல்பு, பிறகு மெஷின்.
குழாயை மாற்றி மாட்டினேன்.
டயலை என் பக்கம் திருப்பினேன். பதினாறு.
சிலிண்டரின் கழுத்தை இறுக்கி மூடினேன்.
ரெகுலேட்டரில் தங்கியிருந்தது சீறி வெளியேற
முள் சரசரவென இறங்கி
சைபரில் படுத்தது.

உள்ளே பதினாறு கிடக்கிறது.