கதவில் ஒட்ட வேண்டிய சொல்

ஹாஸ்டல் இரண்டாம் மாடிக் கடைசி அறைக்கு
இங்கிலீஷில் மட்டும் பெயர் இருந்தது:
ரிக்ரியேஷன் ரூம்.
திங்கட்கிழமை யாரோ அதிகாரி வருகிறாராம்,
தமிழிலும் இருக்க வேண்டுமாம்.
"நீதானே பி.ஏ., குமுதவல்லி"
என்று வார்டன் எஸ்தர்
ஒரு வெள்ளைத் தாளும் மார்க்கரும் தந்தார்.
சாவியைத் தரவில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து
ஓசூர்ப் பனிக்குள் கம்பெனி பஸ் ஊர்ந்துவர,
கைப்பேசியில் அகராதியைத் திறந்தேன்.

ரிக்ரியேஷன்: மறுபடியும் படைத்தல்.
படுக்கையில் கிடந்த நோயாளி
தேறி எழுவதற்குச் சொன்னார்களாம் முன்பு.
எட்டு மணி நேரம்
எள்ளைவிடச் சின்னத் திருகாணிகளை
இடுக்கியில் பிடித்து வைத்தவள்
தேறி எழும் இடம்.
அதற்குப் போய்ப் பூட்டா?

பொழுதுபோக்கு அறை என்று எழுதலாம்.
பாஸ்டைம் என்று அவர்களிடமும் உண்டு,
அதே எலும்பு, அதே தோல்.
ஆனால் போக்குவதற்குப் பொழுது வேண்டுமே.
அதைத்தான் விற்றுவிட்டோம்,
ஓவர்டைம் சேர்த்து.

லெஷர். வேர்ச்சொல்லின் பொருள்:
அனுமதி உண்டு.
சிரித்துவிட்டேன், முன்சீட்டு திரும்பிப் பார்த்தது.
பாத்ரூம் போக மஞ்சள் அட்டை,
லைன் லீடர் கையெழுத்து,
ஏழு நிமிடம்.
அந்த லத்தீன்காரன்
எங்கள் லைனில் எந்த ஷிப்ட் பார்த்தான்?

ஃபன் என்றால் முதலில் ஏமாற்று வேலை.
தீபாவளிக்கு முந்தின வாரம்
பலூன் கட்டி, கேக் வெட்டி,
"ஃபன் ஃப்ரைடே" என்று மைக்கில் கத்தி
போனஸ் பேச்சை விழுங்கிய ஹெச்.ஆர். தம்பி
சொல்லைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறான்.

ஹாபி என்பது ஒரு சின்னக் குதிரை.
வேலைக்கான படிவத்தில்
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
தெரிந்திருந்தால்
ஒரு பிடி கொள்ளாவது வைத்திருப்பேன்.

ஸ்போர்ட்: அப்பால் தூக்கிக்கொண்டு போதல்,
கவலையிடமிருந்து மனசை.
பஸ் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனது.
மனசு இன்னும் பன்னிரண்டாம் மேசையில்.

விளையாட்டு அறை?
விளை என்றால் விளைச்சல் என்பார் ஒருவர்,
விருப்பம் என்பார் இன்னொருவர்;
நம் சொல்லுக்கும் வழக்கு நடக்கிறது.
லைனில் அது வசவு:
"என்ன, விளையாடறியா?"

கேம் மட்டும் பிடிபடவில்லை.
மகிழ்ச்சி என்கிறது ஒரு வரி.
இன்னும் தோண்டினால்
ஆட்கள் சேர்ந்திருப்பது, இருக்கலாம்,
உறுதியில்லை என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
ஃபூல்மணி தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்தாள்.
ஜார்க்கண்டில் என்ன படித்தாளோ,
பூட்டு மூச்சுவிடாமல் திறந்தது.

உள்ளே ஒரு கேரம் போர்டு,
நாலு மூலையிலும் சிலந்தி.
துடைத்தோம்.
ஷாஹிதாவின் முகப்பவுடர் பாதி டப்பா தீர்ந்தது.
சிவப்புக் காயைக் காணவில்லை.
தளிக்காரி நாகரத்னா
நெற்றி ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து
ஒரு கறுப்புக் காயில் ஒட்டினாள்:
"இது ராணி."

சிவப்புக்கு ஃபாலோ வேண்டுமா வேண்டாமா என்று
தெலுங்கில் ஒருத்தி, இந்தியில் ஒருத்தி,
உருதுவும் தமிழும் கலந்து ஒருத்தி.
சண்டை முற்றி
யாருக்கு எத்தனை புள்ளி என்பதே குழம்பியபோது
கைக்குக் கிடைத்தது
அந்த வெள்ளைத் தாள்தான்.
மார்க்கரில் நாலு பெயர் எழுதினேன்.
கீழே கோடுகள், அடித்தல்கள்,
ஃபூல்மணி வரைந்த ஒரு குதிரை.
அது குதிரை என்று அவள்தான் சொன்னாள்.
நான் அவளிடம் ஹாபி பற்றிப்
பேசியதே இல்லை.

திங்கட்கிழமை கதவில் ஒட்டியிருந்தது அதுதான்.
நான் ஒட்டவில்லை.
ரிக்ரியேஷன் ரூமுக்கு நேர் கீழே,
பவுடர் விரல்ரேகைகளோடு.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு
"இது என்ன?" என்றாராம்.
எஸ்தர் மேடம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்,
"தமிழ், சார்."