வேர்க்காத ஐஸ்

ஐப்பசி பிறந்தும் வெயில் விடவில்லை.
கிரீன் சர்க்கிள் சர்வீஸ் ரோட்டில்
தார் என் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
சஸ்கட்சுவானிலிருந்து சலோமி கேட்கிறாள்:
"அண்ணா, நீ டயர்க்காரன்தானே,
என் பிக்கப்புக்கு எதைப் போடட்டும்?"

மூன்று படம் அனுப்பியிருந்தாள்.
முதலாவது, கட்டை கட்டையாய்ப் பல் வைத்தது.
நம் மணல் லாரிக்காரர்கள் பார்த்தால்
கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.
இரண்டாவது, பல்லெல்லாம் மயிரிழை மயிரிழையாய்க் கீறியது,
பக்கச் சுவரில் மலை, மலைக்குள் ஒரு பனிப்பூ.
மூன்றாவதும் அதுவேதான், ஆனால்
ஆணி அடித்தது.
ஆணி!
இருபத்திரண்டு வருஷமாய் ஆணி பிடுங்கித்தான்
சோறு தின்கிறேன்.
அங்கே காசு கொடுத்து அடித்துக்கொள்கிறார்களாம்.

பனியை நான் பார்த்ததில்லை.
பாலாற்று மணலைப் பார்த்திருக்கிறேன்.
காற்றை இறக்கு, பெரிய பல்லாய்ப் போடு,
பிரேக்கைத் தொடாதே,
ரெண்டாவது கியரில் ஊர்ந்து போய்விடு.
பனியும் அப்படித்தான் இருக்கும், வேறென்ன.
"பனி சரி. ஐஸுக்கு?" என்றாள்.

ஐஸுக்கு நான் காட்பாடி போனேன்,
ராத்திரி பதினொன்றுக்கு,
கோணிப்பையில் மூன்று ரப்பர் துண்டு,
ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பிரிங் தராசு.
ஐஸ் ஃபேக்டரி முனிரத்தினம்
பீடியை அணைக்காமலே சிரித்தான்:
"இன்னாண்ணே, டயருக்கு ஜுரமா?
ஒத்தடம் குடுக்க இட்டாந்தியா?"

இரண்டு பாளத்தைப் படுக்கவைத்தோம்.
ரப்பர் மேல் ஜாக்கி, ரப்பரில் கொக்கி,
கொக்கியில் தராசு. இழுத்தோம்.
கட்டைப் பல் ஒன்றரைக் கிலோவுக்கே ஓடிவிட்டது.
நானே பிளேடால் கீறிய மெத்து ரப்பர் மூன்று வரை நின்றது.
அதிலேயே ஷூ ஆணி நாலு அடித்தபோது நாலே கால்,
ஐஸில் நாலு கோடும் விழுந்தது.
மீன் வண்டி டிரைவர்கள் சுற்றி நின்று
பந்தயம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆணியையே போடு என்று குரல் அனுப்பினேன்.
அவளுக்கு அப்போது பகல்.
வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"அண்ணா, உன் ஐஸுக்கு வேர்க்குது.
இங்கே மைனஸ் முப்பதுல ஐஸ் வேர்க்காது.
காஞ்சு கெடக்கும், சொரசொரன்னு.
அன்னைக்கு ஐஸ் இல்ல வில்லன், ரப்பர்தான்.
கட்டையா வெறச்சிடும்.
வெயில் எட்டிப் பார்க்குற நாள் இருக்கே,
அன்னைக்குத்தான் எல்லாரும் பள்ளத்துல."

வெயில் எட்டிப் பார்க்கும் நாள்.
அதை வைத்துத்தான் ராத்திரி முழுக்கச் சோதித்திருக்கிறேன்.

முனிரத்தினம் தொட்டியைத் திறந்தான்.
உப்புத் தண்ணீர், மைனஸ் பத்து இருக்கும்.
பாலிதீனில் கட்டி இறக்கிவிட்டு
டீக்கடை பெஞ்சில் படுத்தோம்.
விடிந்து எடுத்தபோது
கட்டைப் பல்லை மேஜையில் தட்டினால்
டக்கென்றது, கதவு தட்டுகிற மாதிரி.
மெத்து ரப்பர் வளைந்தது.
கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன்,
உள்ளே போயிற்று.

"கீறின மெத்து ரப்பர். நாலு சக்கரத்துக்கும்.
பின்னாடி ரெண்டுக்கு மட்டும் போட்டு
மிச்சம் பிடிக்கப் பார்க்காதே,
முன்னாடி திரும்பாது.
ஆணி உன் இஷ்டம்.
பண்ணை பண்ணையாய் ஊசி போடப் போகிறவள் நீ,
ரோட்டை நீதான் பார்க்கிறாய்."

வாங்கிவிட்டாள், ஆணி இல்லாமல்.
சத்தம் பிடிக்கவில்லையாம், அவ்வளவுதான் காரணம்.
நாலுக்கும் ஆயிரத்து இருநூறு டாலர்.
பெருக்கிப் பார்த்தேன்.
பெருக்கியிருக்கக் கூடாது.

கடைக்கு வந்து கோணியைக் கொட்டியபோது
மெத்துத் துண்டு படியோரம் உருண்டது.
பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிறேன்,
தாரோடு ஒட்டிக்கிடக்கிறது.
ஸ்குரூடிரைவரால் நெம்பியும் வரவில்லை.
என் நகத்தடம் மட்டும்
இன்னும் அதில் இருந்தது.