சேலம்ராஜா77 என்ற பெயருக்கு

பகலில் என் வேலை ஏலம் எழுதுவது.
தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில்
ஒரு மேசை, பேரேடு, நீலப் பேனா.
வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே
நூற்பாளர்கள் நடந்து வருவார்கள்,
ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்குவார்கள்,
உள்ளே புழு உருளும் சத்தத்துக்கு ஒரு விலை.
ஐந்நூற்றுப் பத்து. இருபது. இருபத்தைந்து.
கிடைக்காதவர் கையைத் தட்டிவிட்டு
அடுத்த குவியலுக்குப் போவார்.
சட்டையில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும்,
அவ்வளவுதான் அவருக்குச் செலவு.

இரவில்தான் உன்னைப் பார்த்தேன்.

ஒன்றரை டன் ஏசி, நாற்பத்தொரு ரூபாய் பத்துக் காசு!
எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ்.
பங்குனியிலேயே சுவர்
இட்லிப்பானை மூடியாகச் சுட்டது.
ஒரு தட்டுக்கு விலை பத்துக் காசு ஏறும்,
கடிகாரம் மறுபடி பதினைந்து விநாடிக்குப் போகும்.
நூறு தட்டு கொண்ட கட்டு ஐந்நூறு ரூபாய்.
அப்படியானால் தோற்ற தட்டுக்கும் ஐந்து ரூபாய் என்று
எனக்கு உறைக்கவில்லை.
கணக்கு எழுதிச் சோறு தின்கிறவன்.

மூன்று, இரண்டு,
அங்கே நீ வந்துவிடுவாய்.
எப்போதும் இரண்டில்.
ஒருநாளும் மூன்றில் இல்லை, ஒன்றில் இல்லை.

உனக்கு ஓர் உருவம்கூடக் கொடுத்திருந்தேன்:
செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை,
விரலில் தடித்த மோதிரம்,
தூக்கம் வராத பணக்காரன்.
உன்னைத் திட்டிக்கொண்டே ஒன்பது கட்டு வாங்கினேன்.
கை சும்மா இருக்காமல்
நீ வந்த நேரத்தையெல்லாம்
பழைய பேரேட்டின் பின்பக்கம் குறித்துவைத்தேன்.
பூங்காவனம் புரண்டு படுத்துக் கேட்டாள்,
"யாருகூடப் பேசற?"
"சேலத்துக்காரன்."
"அவனுக்கு எவ்ளோ தரணும்?"

ஏசி நின்ற விலை
இருநூற்றுப் பதினான்கு ரூபாய் முப்பது காசு.
எடுத்தவன் நீ.
விடிந்ததும் கோடு போட்டேன்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து மூன்று தட்டு.
ஐந்தால் பெருக்கினால்
பத்தாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து.
அதே நாள், அதே விநாடி,
பக்கத்து ஏலத்தில் மிக்ஸியும் உனக்கே விழுந்திருந்தது,
அதற்கும் பக்கத்தில் ஒரு தங்கக் காசு.

தூக்கம் வராத ஆள் இல்லை நீ.
ஆளே இல்லை.
போனைக் காதருகே குலுக்கிப் பார்த்தேன்,
சிரிக்காதே,
உள்ளே எதுவும் உருளவில்லை.

கார்டை முடக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது:
'உறுப்பினர் கட்டணம்' என்று
மாதம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது,
இரண்டு மாதமாக, என்னைக் கேட்காமலே.
நேதாஜி பைபாஸ் ரோட்டு வங்கியில்
மெஹருன்னிசா மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கி
"தேதி இருக்கா? ஏதாவது ஆதாரம்?" என்றார்.
பேரேட்டைத் திருப்பி வைத்தேன்.
தேதி, மணி, விநாடி, உன் பெயர்,
நானூற்றுப் பதினோரு முறை.
கொஞ்ச நேரம் அவர் எதுவும் சொல்லவில்லை.
பிறகு படிவத்தை நீட்டினார்.
"1930-க்கும் போன் போடுங்க. இன்னைக்கே.
வெட்கப்பட்டுக்கிட்டு நாளைக்குன்னு விடாதீங்க."

நான்காம் நாள் ஒருவன் அழைத்தான்.
போன பணத்தை மீட்டுத் தருவானாம்,
முதலில் எழுநூறு அனுப்ப வேண்டுமாம்.
குரலில் அத்தனை இரக்கம்.
எதிரே ஒரு பாலக்கோட்டு விவசாயி
குறைந்த விலைக்குக் கூடு போய்விடுமோ என்று நின்றார்.
"கட்டுப்படி ஆகலைன்னா குடுக்காதீங்க" என்று
இருவருக்கும் பொதுவாகச் சொல்லி
போனை வைத்தேன்.

நாற்பத்தொன்றாம் நாள்
நல்லம்பள்ளி நிறுத்தத்தில்
ஒரு கால் படிக்கட்டில் இருந்தபோது குறுஞ்செய்தி.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
உறுப்பினர் கட்டணம் மட்டும்.
ஒன்பது கட்டு, நாலாயிரத்து ஐந்நூறு, போனது போனதுதான்.
ஓடிபி போட்டது என் விரல்.

பூங்காவனம் நான்கு ரோட்டில்
டேபிள் ஃபேன் வாங்கினாள்,
ஒட்டியிருந்த விலையில் நூற்றைம்பது குறைத்து.

இப்போதும் சில நாள், கூடு ஏலத்தில்
விலை ஓரிடத்தில் நின்று
யாரும் வாய் திறக்காத அந்த இரண்டு விநாடி
பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
உன்னை எதிர்பார்க்கிறேன்.
முனிரத்தினம் இருமுகிறார்.
விலையா இருமலா என்று
கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.