நான்காம் இதழுக்கான போர்க்குறிப்பு

மங்காஃப், வெள்ளி, பகல் இரண்டு மணி.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் போர்க்களம்.
நேற்றைய புழுதிக்காற்று
ஜன்னலிடுக்கில் விட்டுப்போன மணலைக்
கோந்து தடவி ஒட்டியிருக்கிறோம்
பூதங்களின் காலடியில்.

இருதயராஜிடம் எலும்புப்படை, நாற்பது பேர்.
எனக்கு மிஞ்சியது ஒரே டிராகன்,
அதற்கும் இடது சிறகில் இன்னும் பெயிண்ட் ஏறவில்லை.

கடைசிப் பகடை துள்ளிப் போய்
நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும்
கமாலுதீன் மார்பில் விழுந்தது.
ஆறு.

"களத்துக்கு வெளியே. செல்லாது"
கிசுகிசுத்தான் இருதயராஜ்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்,
மார்பு பற்றி ஒரு வரியும் இல்லை.

நதியே இல்லாத நாட்டில்
அவர் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது
ஆறு.
எடுக்கக் கை வரவில்லை.

இதழில் இப்படிப் போடுகிறேன்:
போர்நிறுத்தம்,
கமாலுதீன் புரண்டு படுக்கும்வரை.