இருநூற்றுப் பதினேழு

சுவர் விழுந்து இரண்டாவது குளிர்காலம்.
லைப்சிக்கில் நிலக்கரி வாங்க ஆளில்லை.
எடைக்கூடம் பூட்டிக் கிடந்தது,
சாவி யாரிடமென்று நகராட்சிக்கே தெரியாமல்.
சில்வியோ கீலைக் கழற்றிக் கதவைத் திறந்தான்.
பூட்டு அப்படியே தொங்கியது
மானம் காத்தபடி.

கீழே பதினாறு படி.
ஈரம், எலி, ஒரு பக்கம் சாய்ந்த தராசு.
மின்சாரம் பக்கத்துத் தபால் நிலையத்திலிருந்து,
கேட்காமல் வாங்கியது.
வானொலி ஆலை துரத்திய வீலான்ட்
தானே கோத்த ஒலிபெருக்கிகளை
சவப்பெட்டிபோல் நால்வர் இறக்கினார்கள்.
முதல் சனிக்கிழமை நாற்பது பேர்.

எனக்கு மேலங்கி அறை.
அதற்குமுன் நூற்பாலையில் ஒன்பது வருடம்;
எந்திரங்கள் நின்ற மறுநாள்
அமைதியில் காது வலித்தது.
இங்கே முதல் அடி சுவர்வழி வந்து
விலா எலும்பைத் தொட்டதும் தெரிந்துபோயிற்று:
இது எங்கள் ஆலைச் சத்தம்தான்,
உற்பத்திக் கணக்கு மட்டும் இல்லை.

கரி வண்டிகளுக்கு அடித்த தகர வில்லைகள்
முந்நூறு கிடைத்தன, எண் பொறித்தவை.
கோட்டுக்கு ஒன்று.
முதலில் வந்தவை பஞ்சு வைத்த ஆலைச் சட்டைகள்,
ஊர் திரும்பும் ரஷ்யச் சிப்பாய்கள் விற்ற கம்பளங்கி.
பிறகு கொலோனிலிருந்து தோல்.
பிறகு எங்கெங்கிருந்தோ, எடையே இல்லாத துணிகள்.
காலரை முகர்ந்தே சொல்வேன்
ரயிலா விமானமா என்று.

ஒரு நவம்பரில் டெட்ராய்ட்டிலிருந்து லாவெல் வந்தார்,
இரண்டு பெட்டி இசைத்தட்டோடு.
கோட்டைக் கொடுத்துவிட்டு
உள்ளங்கையைச் சுவரில் வைத்து நின்றார்.
எதையோ சொன்னார். எனக்கு ரஷ்ய மொழிதான் வரும்.
ஜன்னலுக்கு வெளியே புகையில்லாத சிம்னிகளைக் காட்டி
நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். புரிந்தது.
அன்று அறையைப் பூட்டிவிட்டு
நானும் இறங்கினேன், பதினாறு வருடத்தில் ஒரே முறை.
விடிந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மொட்டைத்தலையர்கள் வந்த இரவும் உண்டு.
மேலே கட்டையால் கதவை இடித்தார்கள்.
கீழே அதையும் தாளமென்று நினைத்து
ஆடிக்கொண்டிருந்தார்கள் இருநூறு பேர்.
வாசலில் நின்றவள் ஃபிராவ்கே.
இரண்டு பல் போயிற்று. கதவு போகவில்லை.

இப்போது பெரிய பத்திரிகைகள் எழுதுகின்றன:
அந்த நிலவறை இல்லாமல் இன்றைய இசை இல்லையாம்.
தட்டுகளின் பெயர், ஆண்டு, வரிசை
எல்லாம் சரியாக இருக்கிறது.
பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.
தபால் நிலையம் கடைசிவரை கட்டிய
மின்கட்டணத்தைப் பற்றியும்.

மியூனிக் கம்பெனி கட்டடத்தை வாங்கியது.
வீலான்ட் அதற்குள் இறந்திருந்தான்.
சில்வியோ கடைசி நாளும் தாமதமாகவே வந்தான்.
அடுக்கு மாடியாகிவிட்டது; நிலவறையில் சைக்கிள்கள்.
சுவருக்கு எத்தனை பூச்சு அடித்தாலும்
வேர்க்கிறதென்று காவலாளி குறைப்படுகிறார்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

தொண்ணூற்று மூன்று புத்தாண்டில்
யாரோ விட்டுப்போன கருநீலக் கோட்டு,
எண் இருநூற்றுப் பதினேழு.
பதினான்கு வருடம் அதே கொக்கியில்.
பையில் ஒரு ஒற்றைக் கையுறையும்
பாதி கடித்த பெப்பர்மின்ட்டும்.

ஜனவரியில் நான்தான் போட்டுக்கொள்கிறேன்.
தோள் கொஞ்சம் அகலம்.
உரியவர் வந்தால் கழற்றிக் கொடுத்துவிடுவேன்,
நடுத்தெருவானாலும்.
வில்லையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.