அரைக் கட்டை

ஓய்வு நாளில் தீ மூட்டக் கூடாதவர்கள்
ஆர்கன் கட்டையை அழுத்தவும் கூடாதாம்.
அதனால் வெள்ளி மாலைகளில்
என் விரல்களுக்குச் சம்பளம்.
ஞாயிறு காலை அதே விரல்கள்
மாதா கோயிலில்.
இருபத்திரண்டு வருடமாகத்
தீசா ஆற்றுப் பாலத்தில் போய்வருகிறேன்,
கைப்பையில் இரண்டு வேதங்களின் நோட்டுகள்
ஒன்றின்மேல் ஒன்று கசங்க.

பழைய ஆலயம் இடிந்த அன்று
யாழையும் தாளத்தையும் துக்கத்துக்காகக் கட்டிவைத்தோம்,
மிடறு மட்டும் மிச்சம் என்று சொன்னார்
பாடகர் லுஸ்திக் ஆர்மின்,
காப்பியில் நாலாவது சர்க்கரைக் கட்டியைப் போட்டபடி.
பிறகு எதற்கு இந்த ஆர்கன் என்றேன்.
"பணக்காரர்கள் வாங்கிக் கொடுத்தார்கள், எதெல்கா.
அவர்கள் போய்விட்டார்கள்.
குழாய்கள் இருக்கின்றன."
எப்படிப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.
ரயில் நிலையம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

என் இருக்கை பேழைக்கு மேலே.
பழைய காரின் பக்கக் கண்ணாடி ஒன்றைக்
கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
சபைக்குத் தெரிவது அவர் முதுகு.
அவர் முகம் இந்த ஊரில்
எனக்கு மட்டும்.

பாவநிவிர்த்தி நாளின் முந்தைய மாலை.
தொள்ளாயிரம் நாற்காலிகளில் நாற்பது பேர்,
தோல் செருப்பு ஆகாதென்று துணிச் செருப்பில்.
கொல் நித்ரே, மூன்று முறை பாட வேண்டும்.
வரிகளை மட்டும் பார்த்தால் வக்கீல் குமாஸ்தா எழுதியது:
நேர்ச்சைகள், ஆணைகள், சத்தியங்கள்
அனைத்தும் ரத்து, செல்லாது.
ஒரு பத்திரம் அது.
அதைக் கேட்டு அழாத ஒருவரை
நான் இன்னும் பார்க்கவில்லை.

போன வருடம் நாலு கட்டை சுருதி.
கோடையில் அவர் தொண்டையில் எதையோ சுரண்டி எடுத்தார்கள்.
இந்த வருடம் இரண்டரை.
முதல் முறை, கதவை நகத்தால் தட்டுவது போல.
இரண்டாம் முறை ஏறினார்,
ஏறும் இடத்தில்
குரல் இரண்டாகப் பிளந்து
ஒரு பாதி கீழே விழுந்தது.

கையை எடுத்துவிட்டேன்.
மரியாதை என்று நினைத்தேன்.
குழாய்கள் அடங்கின.
கண்ணாடியில் அவர் வாய் திறந்திருந்தது,
சத்தமில்லை.
கண்கள் மேலே.
கடவுளைப் பார்க்கிறார் என்று
நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

மிச்சத்தை அவர் பாடவில்லை, படித்தார்,
கடைக்காரரிடம் பாக்கிக் கணக்குச் சொல்வது போல.
மூன்றாம் முறையும் அப்படியே.

மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.
"ஏன் நிறுத்தினாய்?"
"உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்."
"நான் சாய்ந்துகொண்டிருந்தேன்.
சுவரை எடுத்துவிட்டாய்."
நோன்பு தொடங்கிவிட்டது,
தண்ணீர் குடித்துக் கோபத்தை விழுங்கவும் வழியில்லை.
அப்படியே இறங்கிப் போனார்.
கடவுளை அல்ல, என்னைத்தான் பார்த்திருக்கிறார்.

மறுநாள் அந்தியில் வாசல்கள் சாத்தும் ஜெபம்.
நான் மெட்டு வாசிக்கவில்லை.
இடது காலால் ஒரே ஒரு தாழ்ந்த சுரம்,
அதை எடுக்கவே இல்லை.
கால் மரத்தது.
அதன்மேல் அவர் குரல் நடந்தது,
கல்லும் சேறுமாக.
அழகு என்று சொல்ல மாட்டேன்.
விழவில்லை.

பிறகு பல் மருத்துவர் பெர்னாத்
ஆட்டுக்கடாக் கொம்பை உதட்டில் வைத்தார்.
காது மடல் சிவக்கச் சிவக்க
ஒரு நீண்ட ஊதல்.
விளக்குகள் ஏற்றினார்கள், கோட்டுகளைத் தேடினார்கள்.

மோட்டாரை அணைத்தேன்.
துருத்தியில் மிஞ்சிய காற்றில்
அந்தக் கொம்பின் சுரத்தைத் தேடினேன்.
இந்தக் கட்டையில் இல்லை, சற்றுக் கூட.
அடுத்ததில் இல்லை, சற்றுக் குறைவு.
நடுவே மரமே கிடையாது,
ஒரு நூல் இடுக்குத்தான்.
விரல் நுனியை அதில் வைத்தபடி இருந்தேன்.
கீழே இருட்டில்
யாரோ தண்ணீர் குடித்தார்கள்,
மடக், மடக்கென்று,
தொண்டை முழுக்கக் கேட்கும்படி.