வெட்டுபவள் எடுக்கக் கூடாது

பியூட் நகரில் மலையைக் குடைந்து செம்பெடுத்தார்கள்.
செம்பு போன இடத்தில்
குடிக்க முடியாத ஓர் ஏரி.
அதற்கு மேட்டில் ஒரு சலவைக்கடை.
ஆறாம் எண் உலர்த்தியின் சூடான தலைமேல்
ஞாயிறுதோறும் எங்கள் மருத்துவமனை.

நீல பிளாஸ்டிக். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது.
மூடிக்குள் பிளேடு, கீழே குஞ்சின் வாய்போல் ஒரு பிளவு.
மாத்திரையை ஊட்டி மூடினால்
டக்.
விலை இரண்டு டாலர் எழுபது சென்ட்.
இந்த நாட்டில் எனக்குக் கட்டுப்படியான
ஒரே மருத்துவக் கருவி.

மாத்திரை என் பெயரில்: மில்கா வுகோவிச்.
காப்பீடும் என் பெயரில்.
ரத்தக் கொதிப்பு மட்டும் இருவர் பெயரிலும்.
பள்ளி உணவுக்கூட வேலை போனபோது
நோரீனின் அட்டையும் போனது,
கொதிப்பு போகவில்லை.
மருத்துவர் எழுதித் தந்தது முழுசு.
அரை போதுமா என்று நான் கேட்கவில்லை.
போதாது என்பார்.

விதி ஒன்றுதான்.
வெட்டுபவள் எடுக்கக் கூடாது.
நான் வெட்டுவேன், அவள் முதலில் எடுப்பாள்.
ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வால்நட் ரொட்டி என்றால்
என் அம்மா கத்தியைத்தான் முதலில் கொடுப்பாள்.
கத்தி பிடித்தவருக்குக் கடைசித் துண்டு.
கை நடுங்காமல் வெட்ட அப்படித்தான் பழகினோம்.

ஆனாலும் சரிபாதி என்று ஒன்று கிடையாது.
நடுவில் கோடு போட்ட மாத்திரைகூட
கோட்டை மதிப்பதில்லை.
ஒரு துண்டுக்குத் தோள் அகலம்,
மற்றதற்கு மூக்கு உடைந்திருக்கும்.
பிளேடின் அடியில் சுண்ணாம்புபோல் தூள்.
அதை ஆளுக்கொரு விரல் தொட்டு நக்கிக்கொள்வோம்,
யாரோ ஒருவருடைய காலுறைகள்
கண்ணாடிக்குள் சுழன்றுகொண்டிருக்கும்.

ஏழு நாளுக்கு ஏழு டக்.
இரண்டு வருடம்.
நோரீன் எடுத்ததெல்லாம் சின்னத் துண்டு.
கண்ணாடி போடாமல் வருகிறாள்,
தெரியவில்லை போலும் என்றிருந்தேன்.
ஒரு ஞாயிறு வேண்டுமென்றே கோணலாக வெட்டினேன்.
முக்கால், கால்.
தடவினாலே தெரியும்.
அவள் காலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு
"உன் வெட்டு வரவர மோசம்" என்றாள்.
வந்த கோபத்தில் எனக்குக் கொதிப்பு ஏறியிருக்கும்.
முக்காலை விழுங்கினேன்.

இந்த ஜனவரியில் மருந்துக்கடையில் மாத்திரையை மாற்றிவிட்டார்கள்.
நீளமாய், வழவழவென்று, நடுவில் கோடே இல்லாமல்.
புட்டியில் ஆரஞ்சுச் சீட்டு:
வெட்டாதீர், மெல்லாதீர், பொடிக்காதீர்.
நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைவதாம்.
பிளந்தால் அத்தனையும்
ஒரேயடியாய் ரத்தத்தில் கொட்டிவிடுமாம்.
கவுண்ட்டரில் நின்ற பையன் மூன்று முறை சொன்னான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

ஆறாம் எண்ணின் மேல் கருவியைத் திறந்து வைத்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.
அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.
பிறகு நோரீன் சொன்னாள்:
"உனக்கு ஒற்றைப்படை நாள், எனக்கு இரட்டைப்படை."
மாத்திரையை வெட்டக் கூடாதென்றால்
மாதத்தை வெட்டு.
அவளுக்கு இதெல்லாம் உடனே வரும்.

வீட்டில் நாட்காட்டியை எடுத்து வட்டம் போடும்போதுதான்
பேனா நின்றது.
முப்பத்தொன்று ஒற்றை.
மறுநாள் ஒன்று. அதுவும் ஒற்றை.
வருடத்துக்கு ஏழு முறை
எனக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மருந்து,
அவளுக்கு இரண்டு நாள் ஒன்றுமில்லை.
வெட்டியவளும் அவளே,
எடுத்தவளும் அவளே.
விதியையே உடைத்துவிட்டாள், கள்ளி,
அதிலும் சின்னத் துண்டுக்காக.

இன்று ஞாயிறு, முப்பத்தொன்று.
கருவியின் மூடியில் ஒரு குட்டி அறை உண்டு,
மிச்சம் வைக்க.
இதுநாள்வரை எங்களுக்கு எதுவும் மிஞ்சியதில்லை.
இன்றைய மாத்திரையை அதில் போட்டு மூடினேன்.
நோரீன் சில்லறை மாற்றப் போன நேரத்தில்
அவள் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டேன்.

வெளியே முழங்கால் பனி.
நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் கேட்கும்.
கேட்கட்டும்.